முப்பத்தொன்றாம் நாற்காலி

துருவியின் மனதுக்குள் கல் இருப்பதாகப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை அவள் பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் கடைக்கு வந்து, வாடகைக்குப் போய்த் திரும்பியிருந்த நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்பா மற்ற நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் விருந்து ஒன்றுக்குப் போய்வந்த சரக்கு. எல்லாவற்றிலும் கேக் அப்பியிருந்தது.

என்ன பாடம் கொடுத்தார்கள் என்று கேட்டார். நிலவியல் என்றாள். அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

"கல்லுப்பா. கல்லு, மண்ணு, பாறை. என் மனசுல அதுதான் இருக்காம். பரிட்சை வச்சுக் கண்டுபிடிச்சிருக்காங்க."

"உளவியல் படிக்கணும்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன். அதையும் குறிச்சுக்கிட்டாங்க. அது ஒரு அறிகுறியாம்."

அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஆளைத் துருவி எடுத்துவிடுவாள் என்பதால் வீட்டிலும் கடையிலும் துருவிதான். லீவு நாட்களில் அப்பாவோடு வண்டியில் போய் நாற்காலி இறக்கிப் போடுவாள். அப்படிப் போன ஒரு கூட்டத்தில்தான், முதல் வரிசையில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்று கேட்டாள். அப்பா அதுவரை அதை யோசித்ததே இல்லை. முதல் வரிசை என்றால் காலியாகத்தான் இருக்கும், அதிலென்ன அதிசயம் என்றார். அடுத்த கூட்டத்தில் துருவி முதல் வரிசையை மொத்தமாகத் தூக்கி ஓரம் கட்டினாள். இரண்டாம் வரிசை முதல் வரிசையாகிவிட்டது; அதிலும் யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் முதல் வரிசை நாற்காலிகள் சிலவற்றின்மேல் கைக்குட்டையைப் போட்டு வைத்தாள். யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, மிச்சமிருந்த நாற்காலிகளுக்கு ஜனங்கள் முட்டி மோதினார்கள். உளவியல் படிப்பது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அதற்கு என்ன படித்துக்கொண்டு வர வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் அவளே போய் விசாரித்திருந்தாள். உடம்பும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய உயிரியல் வேண்டும். ஆராய்ச்சி முடிவுகளை நம்பலாமா கூடாதா என்று பார்க்கக் கணிதம் வேண்டும். நாலு பக்கம் கோர்வையாக எழுதப் பழக வரலாறு இருந்தால் நல்லது. இந்த மூன்றும் சேர்ந்ததற்கு அவள் பள்ளியில் மூன்றாம் பிரிவு என்று பெயர். மதிப்பெண் இருக்கிறது, ஆசை இருக்கிறது, பிரிவும் இருக்கிறது. போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டாள். சின்னப் பெண்தானே.

முன்பெல்லாம் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய பாடத்தைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது எவ்வளவு ஆபத்து என்று பிறகுதான் தெரியவந்தது. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று எப்படித் தெரியும்? ஆகவே, பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்களைக் கொண்டு பாடத் தேர்வு வழிகாட்டு மையம் தொடங்கப்பட்டது. நூலகம் இருந்த பெரிய அறையை அதற்குக் கொடுத்தார்கள். புத்தகங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. தரையில் மெத்தென்று விரிப்பு, சுவரில் நாலு பக்கமும் அம்பு நீட்டும் கைகாட்டிப் படம், கதவில் 'உன்னை நாங்கள் அறிவோம்' என்று பலகை. உள்ளே போகிற பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

மையத்தின் அலுவலர் மென்மையான குரல்காரர். யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டுட்டிருக்கேன்" என்பார். அதே பள்ளியில் முன்பு நீச்சல் ஆசிரியராக இருந்தவர். குளத்தில் விரிசல் விட்டு அதை மூடிய ஆண்டில், அவருக்குள் வழிகாட்டும் மனப்போக்கு ஒளிந்திருப்பது தேர்வின் மூலம் கண்டறியப்பட்டது.

தேர்வு எளிமையானது. 'மழை பெய்கிறது. நீ ஜன்னலோரம் நிற்கிறாய். முதலில் எதைப் பார்ப்பாய்? வானம், தண்ணீர், கூரை, தரை.' நனையாமல் ஓடப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று துருவி எழுதினாள். ஓடுகிறவர்கள் தரைமேல்தான் ஓடுகிறார்கள் என்பதால் அவள் விடை தரை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 'உன் தோழி பேசாமல் இருக்கிறாள். என்ன செய்வாய்?' அவளாகப் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதினாள். அசையாமல் உட்கார்ந்திருப்பது எது என்று மேலே விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை அப்பா கடையைச் சாத்திவிட்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனார். அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். பெரிய மனிதர், நம்மைப் பார்த்து எழுந்திருக்கிறாரே என்று அப்பாவுக்குப் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது.

"உங்க கவலை எனக்குப் புரியுது. தேர்வு தப்பாச் சொல்லியிருக்குமோன்னு நினைக்கிறீங்க," என்றார் அலுவலர். "ஒரே ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வேதியியல் கூடத்துல கூரை ஒழுகிச்சு. உள்ள போக முடியல. அந்த வருஷம் பாருங்க, ஒரு பிள்ளைக்குக்கூட மனசுல வேதியியல் இல்ல. கூரையச் சரி பண்ணினோம். மறு வருஷம் இருபத்தஞ்சு பேருக்கு இருந்துச்சு. கூடத்துல எத்தனை பேர் உக்காரலாம்? சரியா இருபத்தஞ்சு. கூரை ஒழுகுறது தேர்வுக்கு எப்படி சார் தெரியும்? அதுதான் விஞ்ஞானம்."

அப்பா வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் நிலவியல் ஆசிரியருக்கு ஒன்பது பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பதவியே போய்விடும் என்றிருந்த நிலையில், மிகச் சரியாக ஒன்பது பிள்ளைகள் மனதில் கல் கிடைத்ததையும் அலுவலர் சொன்னார். சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியது. அதில் பொய் இல்லை. அவர் அதை முழு மனதோடு நம்பினார்.

அப்பா வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். துருவியின் அம்மா பல் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் வேலை பார்க்கிறவள். வலிக்காது, வலிக்காது என்று டாக்டர் சொல்வதையும் அதற்குப் பின்னால் வரும் சத்தத்தையும் தினமும் கேட்கிறவள் என்பதால், இனிமையாகப் பேசுகிறவர்களை அவ்வளவு சுலபத்தில் நம்பமாட்டாள்.

"ஏங்க, கூரை ஒழுகினா வகுப்ப மூடினாங்க. வகுப்பு இல்லன்னதும் பசங்களுக்கு வேற பாடத்தத் தள்ளிவிட்டாங்க. இதுக்குப் பேரு விஞ்ஞானமா? நீங்களும் தலையாட்டிட்டு வந்திருக்கீங்க."

அப்பா தலையைச் சொறிந்தார். அங்கே இருக்கும்போது சரியாகத்தான் பட்டது என்றார். துருவி ஒன்றும் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம். மேல்முறையீடு செய்வது என்று முடிவாயிற்று.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று உறுப்பினர்கள் என்று விதியில் இருந்தது. அன்று போனபோது நீள மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகளும் ஒரு அலுவலரும் இருந்தார்கள். முதல் நாற்காலி மையத்தின் பிரதிநிதிக்கு, இரண்டாவது மனநிபுணருக்கு, மூன்றாவது பொதுமக்களுக்கு. ஆள் கிடைக்காததால் மூன்று பொறுப்பையும் தானே சுமப்பதாக அலுவலர் வருத்தத்தோடு சொன்னார். பிறகு முதல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். துருவி, தனக்கு எதில் ஆசை, பல்கலைக்கழகத்தில் என்ன சொன்னார்கள், எந்தப் பாடம் எதற்கு வேண்டும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள்.

"அழகாச் சொன்னேம்மா," என்றார் அலுவலர். "இப்போ யோசிச்சுப் பாரு. ஒருத்தர் உளவியல் படிக்கணும்னு எதுக்கு ஆசைப்படுறார்? மனசப் பத்தித் தெரியாததால. தெரிஞ்சிருந்தா ஆசைப்படவே மாட்டார். அப்போ உனக்கு மனசப் பத்தித் தெரியல. தெரியாதவங்கள நாங்க எப்படி உளவியலுக்கு அனுப்புறது? சரி, தெரிஞ்சவங்களப் பார்த்து அனுப்பலாம்னா, அவங்களுக்கு அந்தப் படிப்பே தேவையில்ல. அதனாலதான் இந்தப் பள்ளியிலேர்ந்து யாரையுமே அனுப்ப முடியல. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

எழுந்து இரண்டாவது நாற்காலிக்குப் போனார். முன்னால் பேசியவரைத் தனக்கு வெகு நாளாகத் தெரியும் என்றும், நேர்மையான மனிதர் என்றும், நிபுணர் என்கிற முறையில் அவர் சொன்னதில் குறை காணத் தன்னால் முடியவில்லை என்றும் சொன்னார். மூன்றாவது நாற்காலிக்குப் போனபோது அது ஒரு பக்கம் ஆடியது. நிபுணர்கள் இரண்டு பேர் ஒரே கருத்தைச் சொல்லும்போது பொதுமக்கள் குறுக்கே நிற்பது நன்றாக இராது என்று அங்கிருந்து சொன்னார். தீர்ப்பு ஒருமனதாக நிறைவேறியது.

வெளியே வரும்போது, ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்பாவின் தோளில் கை போட்டு இன்னொன்றும் சொன்னார். மூன்றாம் பிரிவில் முப்பது நாற்காலி, முப்பது மனது. இன்னும் ஒரு நாற்காலி இருந்திருந்தால் இன்னும் ஒரு மனது நிச்சயமாகக் கிடைத்திருக்கும். அந்தக் கட்டடத்தில் அப்பாவுக்குத் தெளிவாகப் புரிந்த முதல் வாக்கியம் அது. நாற்காலிதானே, அது நம்மிடம் இல்லாததா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

கடையில் இருந்ததிலேயே உறுதியான மர நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெருகு போட்டு, பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அலுவலர் நெகிழ்ந்துபோனார். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு தகட்டில் எண் இருக்கும். பிள்ளைக்கு மையம் ஒதுக்குவது வகுப்பை அல்ல, எண் போட்ட நாற்காலியைத்தான். புதிய நாற்காலிக்கு முப்பத்தொன்று என்று தகடு அடித்தார்கள். அடித்த கையோடு எல்லாருடைய விடைத்தாள்களும் மறுபடி அலசப்பட்டன. சொல்லி வைத்ததுபோல ஒரே ஒரு பிள்ளையின் மனதில் மூன்றாம் பிரிவு இருப்பது தெரியவந்தது.

அந்தப் பிள்ளை துருவி இல்லை. கூழாங்கல்.

கூழாங்கல் என்பது துருவியின் வகுப்புத் தோழிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். தையல்காரர் ஒருவரின் மகள். எங்கே போனாலும் நாலு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். சட்டைப்பை அடிக்கடி கிழிந்துபோவதால் அவள் அப்பா கூடாரத் துணியில் பை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பள்ளியிலேயே நிலவியல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். ஆனால் அவள் விடைத்தாளைத் திருத்துவதற்குள் ஒன்பது கல் மனதும் நிரம்பிவிட்டதால், அவளுக்குள் கணக்குப்பதிவியல் இருப்பது கண்டறியப்பட்டது. இப்போது அதிலிருந்து பிடுங்கி முப்பத்தொன்றாம் நாற்காலியில் போட்டார்கள். தவளையை அறுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்லிவிட, அவள் அழுத அழுகையில் துருவிக்குத் தன் சோகமே மறந்துபோயிற்று.

ஒருத்திக்கு மூன்றாம் பிரிவு வேண்டும், கிடைத்திருப்பது கல். இன்னொருத்திக்குக் கல் வேண்டும், கிடைத்திருப்பது மூன்றாம் பிரிவு. கைமாற்றிக்கொண்டால் தீர்ந்தது. இரண்டு பெண்களும் இரண்டு அப்பாக்களுமாக மையத்துக்குப் போனார்கள். இவ்வளவு சுலபமான விஷயத்தை எடுத்துக்கொண்டு அதற்கு முன்பு யாரும் அங்கே வந்ததில்லை. அலுவலர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மனசு என்ன சட்டையா, கழட்டி மாத்திப் போட? இன்னிக்கு இவங்க கேட்டாங்கன்னு மாத்திக் குடுத்தா, நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் தனக்கு வேணும்கிறதக் கேட்க ஆரம்பிச்சிடும். அப்புறம் தேர்வு எதுக்கு, மையம் எதுக்கு, நான் எதுக்கு?"

நான்கு பேருக்கும் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனாலும் பெரியவர்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

வகுப்புகள் தொடங்கின. நிலவியல் அறை, முன்பு நீச்சல் சாமான்கள் வைத்திருந்த அறை. ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. நிலவியல் ஆசிரியர் ஒல்லியாக, கூச்ச சுபாவமாக இருந்தார். ஒரு பாறைத் துண்டை எடுத்துக் காட்டி இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்பார். ஒன்பது பிள்ளைகளும் அவரையே பார்ப்பார்கள். அவரே பதிலைச் சொல்லிவிட்டுத் துண்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பார். தன் பிழைப்புக்காகத்தான் இவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். துருவிக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. பக்கத்து அறையில் உயிரியல் நடக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். மூளையைப் பற்றிப் பாடம் நடந்த அன்று அவள் சுவரோரமாகச் சாய்ந்து, காதை வைத்துக் கேட்டாள். பாதிதான் கேட்டது. வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதாள்.

"எனக்கு நாள் போயிட்டே இருக்குப்பா. இப்ப விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது."

அப்பாவுக்குத் தாங்கவில்லை. அவரால் முடிந்ததெல்லாம் ஒரு நாற்காலி கொடுப்பது. அதைக் கொடுத்து இன்னொரு பெண்ணையும் அல்லவா அழ வைத்துவிட்டோம் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அம்மாதான் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, அழுவதை நிறுத்து, நீ உட்கார்ந்து ஆட்களைக் கவனிக்கிறவள்தானே, அங்கேயும் கவனி என்றாள்.

துருவி கவனித்தாள். மையத்திலிருந்து தினமும் காலையில் ஒரு கண்காணிப்பாளர் வருவார். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் நின்று தகட்டைப் பார்ப்பார், அதில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பெயரைக் கேட்பார், சரி என்று அடுத்ததற்குப் போவார். ஒரு வாரம் பார்த்ததில் அவர் கரும்பலகையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்ன பாடம் நடக்கிறது, எந்த அறையில் நிற்கிறோம் என்பதெல்லாம் அவர் வேலையில் சேராது. தனக்கு ஒதுக்கிய நாற்காலியில்தான் பிள்ளை உட்கார வேண்டும் என்று விதி சொன்னது. நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். அப்பா கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"நாற்காலியத் தூக்கி வைக்கணும், அவ்வளவுதான?" என்றார்.

"அவ்வளவுதான்ப்பா."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

மறுநாள் இடைவேளை நேரத்தில், பிள்ளைகள் எல்லாம் வெளியே கத்திக்கொண்டிருக்கும்போது, அப்பா சாவகாசமாகப் பள்ளிக்குள் நுழைந்தார். உலகத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிற ஆளை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. எங்கேயோ வேண்டியிருக்கிறது, எடுத்துப் போகிறான் என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள். மூன்றாம் பிரிவிலிருந்து முப்பத்தொன்றாம் நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிலவியல் அறைக்குப் போனார். அங்கிருந்து துருவியின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். நடைவழியில் எதிரே வந்த அலுவலர், பார்த்து, சுவரில் இடித்துவிடப் போகிறது என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்பா நன்றி சொன்னார்.

மணி அடித்ததும் கூழாங்கல் தன் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். துருவியும் தன் நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தாள். நிலவியல் ஆசிரியர் வழக்கம்போல ஒரு துண்டை எடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே, இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். இது நெருப்பிலிருந்து வந்த கல், சீக்கிரம் ஆறிவிட்டதால் இப்படி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. ஆசிரியர் நிமிர்ந்தார். கூழாங்கல் தன் பையிலிருந்து அதே ஜாதிக் கல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். இது எங்கே கிடைத்தது என்று அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு அவர் மணி அடித்தும் பாடத்தை நிறுத்தவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. கண்காணிப்பாளர் தினமும் வந்து தகட்டைப் பார்த்தார். எல்லா நாற்காலியிலும் அததற்கு உரிய பிள்ளை இருந்தது. பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புகிறவர்கள் பாட ஆசிரியர்கள். அவர்கள் தங்களுக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் பெயரை அனுப்பினார்கள். துருவிக்கு உளவியல் படிப்பில் இடம் கிடைத்தது. கூழாங்கல்லுக்கு நிலவியலில் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் சந்தோஷம். கதை இதோடு முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் நல்ல பெயர்தான்.

ஆனால் மையத்தின் கோப்பில் துருவியின் நாற்காலி நிலவியல், கூழாங்கல்லின் நாற்காலி மூன்றாம் பிரிவு. அலுவலர் அந்தக் கோப்பையும் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. ஆண்டுவிழாவில் பெற்றோர்கள் நிறைந்த அரங்கில் அதை வெளியிட்டார். நாற்காலி சப்ளை துருவியின் அப்பாதான்.

"உளவியலுக்கு உயிரியல் வேணும், கணிதம் வேணும்னு பல்கலைக்கழகம் சொல்லிட்டிருக்கு. பாவம், அவங்களுக்குத் தெரியல. இந்தப் பொண்ணு ரெண்டு வருஷம் கல்லைப் படிச்சா. இன்னிக்கு உளவியலுக்குப் போறா. கல்லைப் படிக்க ஆசைப்பட்ட இன்னொரு பொண்ணு ரெண்டு வருஷம் தவளையை அறுத்தா. இன்னிக்குக் கல்லுக்குப் போறா. பிள்ளைங்க கேட்டதக் குடுக்கலை. குடுக்காததாலதான் கேட்டது கிடைச்சிருக்கு. இனிமே உளவியல் கேட்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலவியல்தான்."

அரங்கம் கை தட்டியது. துருவியை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று அரங்கத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்; தன்னைப்போலக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முகங்கள். சும்மா இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நான் நிலவியல் படிக்கவே இல்ல. உயிரியலும் கணிதமும் வரலாறும்தான் படிச்சேன். எங்கப்பா நாற்காலியத் தூக்கி அடுத்த ரூம்ல வச்சாரு."

அரங்கம் மொத்தமும் அலுவலரைப் பார்த்தது. பிறகு அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு சாதித்த பிள்ளை எல்லாப் பெருமையையும் தகப்பனுக்குக் கொடுப்பதைப் பாருங்கள், இந்த அடக்கத்தையும் கல்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. துருவி இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த வாரமே தேர்வு நடந்தது. நிலவியலுக்குக் கூடுதல் நாற்காலிகள் போடப்பட்டிருந்ததால் கல் மனதுகள் ஏராளமாகக் கிடைத்தன. முடிவு வெளியான மறுநாள் காலை அப்பா கடையைத் திறக்க வந்தபோது வாசலில் ஒரு வரிசை நின்றது. எல்லோரும் பெற்றோர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெயில் அதிகம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆள் அப்பாவின் காதருகே குனிந்து, மேடையில் உங்கள் பெண் சொன்னாளே, அந்த வேலைக்கு என்ன வாடகை என்று கேட்டார். அரங்கத்தில் மிகப் பலமாகக் கை தட்டியவர் அவர்.

வரிசையின் கடைசியில், தொப்பியைக் கண்வரை இறக்கி விட்டுக்கொண்டு அலுவலர் நின்றிருந்தார்.

அப்பாவோடு கடைக்கு வந்திருந்த துருவிதான் முதலில் கண்டுகொண்டாள். இரண்டு வருஷத்துக் கோபமும் அவளுக்கு அப்படியே இருந்தது. இருந்தாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்கியவராகத் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"என் பொண்ணு இந்த வருஷம் தேர்வு எழுதினா," என்றார். மென்மையான குரல் இன்னும் மென்மையாகிவிட்டிருந்தது. "நிலவியல்னு வந்திருக்கு. அவ உயிரியல் கேட்டா. நேத்துலேர்ந்து சாப்பிடல."

அப்படியானால் தேர்வு தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாமே, எல்லாப் பிள்ளைக்கும் நல்லதாகப் போகுமே என்று துருவி கேட்டாள். அலுவலர் அதிர்ச்சியோடு அவளைப் பார்த்தார்.

"தேர்வு சரியாத்தான்மா சொல்லியிருக்கு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நாற்காலிதான் எடம் மாறிக் கெடக்கு."

வரிசையில் நின்ற எல்லோரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்பா மகளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு என்று அவரிடம் கேட்டார்.